பஷ்மினா ஆட்டின் உள்மயிர்: எதைப் பார்த்து வளர்கிறது, எது நிறுத்துகிறது

இராமநாதபுரம் கடற்கரையில் தொண்டிப் பக்கம் கொடி ஆடு வளர்க்கும் குடும்பம், இப்போது உயிரித் தொழில்நுட்பம் படிக்கிறேன் என்று சொல்லி மூன்று விஷயம் கேட்டிருக்கிறீர்கள். லடாக் பஷ்மினா ஆட்டுக்கு உள்மயிரை வளரவைக்கும் மரபணு எது, அந்த ஆட்டை நம் கடற்கரைக்குக் கொண்டுவந்தால் மயிர் தருமா, நம் ஆட்டுக்கே மெலடோனின் என்ற இரவு ஹார்மோனைக் கொடுத்தால் வளருமா என்பவை அவை. உண்மையில் நீங்கள் அறிய விரும்புவது, அந்த ஆட்டின் தோலுக்கு மாதக்கணக்கு எப்படித் தெரிகிறது, அந்தக் கணக்கை வெளியிலிருந்து மாற்ற முடியுமா என்பதுதான். முதல் பாதிக்கு ஓரளவு உறுதியான பதில் இருக்கிறது. இரண்டாம் பாதிக்கு, ஏற்கெனவே உள்மயிர் உள்ள ஆட்டில் கொஞ்சம் முடியும், நம் ஆட்டில் முடியாது என்பது என் பதில். ஏன் என்பதைத் தோலிலிருந்தே தொடங்கிச் சொல்கிறேன்.

எந்த வெள்ளாட்டின் தோலிலும் இரண்டு வகை மயிர்க்கால்கள் உண்டு. வெளியே தெரியும் தடித்த மயிரைத் தருவது முதன்மை மயிர்க்கால். அதனோடு எண்ணெய்ச் சுரப்பி, வியர்வைச் சுரப்பி, மயிரைச் சிலிர்க்கவைக்கும் சிறு தசை மூன்றும் சேர்ந்திருக்கும். துணை மயிர்க்காலுக்கு அந்தத் தசையும் வியர்வைச் சுரப்பியும் கிடையாது. பஷ்மினா என்று நாம் சொல்லும் மென்மயிர் இதிலிருந்துதான் வருகிறது. தோலைக் குறுக்காகச் சீவி நுண்ணோக்கியில் பார்த்தால் மூன்று முதன்மை மயிர்க்கால்கள் ஒரே வரிசையில் நிற்க, அவற்றின் ஒரு பக்கத்தில் துணை மயிர்க்கால்கள் கொத்தாக அடைந்திருக்கும். பஷ்மினா வகை ஆடுகளில் ஒரு முதன்மைக்கு ஐந்து முதல் பத்துத் துணை மயிர்க்கால்கள் சாதாரணம். மயிரின் விட்டம் 12 முதல் 15 மைக்ரான். லடாக்கின் சாங்தாங்கி ஆடு ஆண்டுக்கு ஏறத்தாழ கால் கிலோ கச்சா மயிர்தான் தருகிறது, அதிலும் தடித்த மயிரை நீக்கிவிட்டால் மிச்சம் இன்னும் குறைவு. இந்த மயிர்க்கால்களின் எண்ணிக்கை பெரும்பாலும் கருவிலேயே முடிவாகிறது. 150 நாள் சினைக்காலத்தில் முதன்மை மயிர்க்கால் 55 முதல் 65ஆம் நாளிலும், துணை மயிர்க்கால் 75 முதல் 85ஆம் நாளிலும் உருவாகத் தொடங்குகின்றன. பிறந்த பிறகு துணை மயிர்க்கால்கள் முதிரும். புதிதாகக் கூட்டம் கூட்டமாக முளைக்காது. பின்னால் மெலடோனினைப் பற்றிச் சொல்லும்போது இது முக்கியமாகிறது.

இனி மாதக்கணக்கு. முதன்மை மயிர்க்கால் பெரும்பாலும் ஆண்டு முழுவதும் ஏதோ ஒரு அளவில் வேலை செய்யும். துணை மயிர்க்கால் ஆண்டுக்கு ஒரு சுற்று. வளர் பருவம், சுருங்கும் பருவம், ஓய்வுப் பருவம் என்று மூன்று நிலை. ஆய்வுக் கட்டுரைகளில் இவை அனாஜென், கேட்டஜென், டெலோஜென். வட அரைக்கோளத்தில் உள்மயிர் தோலுக்கு மேலே வந்து நீள்வது நம் ஆனிக்குப் பிறகு. ஆவணி, புரட்டாசியில் வேகம். மார்கழி வாக்கில் நின்றுவிடும். தை முதல் பங்குனி வரை ஓய்வு. அதன் பிறகு வேரிலிருந்து கழன்று உதிரும்போது சீப்பால் வாரி எடுக்கிறார்கள். கவனியுங்கள், குளிர் உச்சத்தில் இருக்கும் மாதங்களில் மயிர் வளர்வதில்லை. குளிர் வருவதற்கு முன்பே வளர்ந்து முடிந்துவிடுகிறது. குளிர்தான் காரணம் என்ற கதைக்கு எதிரான முதல் சான்று இதுதான். அடுத்த சான்று ஆஸ்திரேலியா. அங்கே காட்டில் திரிந்த வெள்ளாடுகளின் உடலில் நல்ல தரமான உள்மயிர் இருப்பதை 1970களில் கண்டார்கள். அவை லடாக் குளிரைக் கண்டதே இல்லை.

ஆடு பார்ப்பது பகல் நீளத்தை. கண்ணின் விழித்திரையிலிருந்து செய்தி மூளையின் உள்கடிகாரத்துக்கும், அங்கிருந்து கழுத்திலுள்ள நரம்பு முடிச்சு வழியாக பீனியல் சுரப்பிக்கும் போகிறது. இருட்டில் மட்டும் பீனியல் மெலடோனினைச் சுரக்கும். இரவு எவ்வளவு நீளமோ அவ்வளவு நேரம் இரத்தத்தில் மெலடோனின் உயர்ந்திருக்கும். அளவைவிட அந்த நேர நீளம்தான் செய்தி. மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதி இதைப் படித்து, பால் சுரப்போடு தொடர்புள்ள புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டிக் குறைக்கிறது: நீண்ட பகலில் புரோலாக்டின் அதிகம், குறுகிய பகலில் குறைவு. இதுவரை சொன்னதில் சந்தேகம் இல்லை. செம்மறியிலும் வெள்ளாட்டிலும் பலமுறை சோதித்தது. புரோலாக்டினை அடக்கும் புரோமோகிரிப்டின் மருந்தைக் கொடுத்தால் வசந்தகால மயிருதிர்வு தள்ளிப்போகிறது என்பதும் பஷ்மினா வகை ஆடுகளில் பார்த்திருக்கிறார்கள்.

சந்தேகம் இதற்கடுத்த படியில் தொடங்குகிறது. மெலடோனின் புரோலாக்டின் வழியாக மட்டும்தான் தோலைத் தொடுகிறதா, நேரடியாகவும் தொடுகிறதா? தோலில் மெலடோனின் ஏற்பிகள் இருப்பதும், தனியே பிரித்து வளர்த்த மயிர்க்கால் மெலடோனினுக்கு இசைவதும் நேரடி வழிக்கு ஆதரவு. புரோமோகிரிப்டின் சோதனை மறைமுக வழிக்கு ஆதரவு. இரண்டும் சேர்ந்தே நடக்கலாம் என்பது என் கணிப்பு; ஆனால் எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்லும் சோதனை கடினம், ஏனென்றால் உயிருள்ள ஆட்டில் மெலடோனினைக் கூட்டினால் புரோலாக்டினும் கூடவே குறைந்துவிடும். இதில் இன்னொரு முடிச்சு உண்டு. ஓய்விலிருந்த மயிர்க்கால் தோலுக்குள்ளே விழிப்பது வசந்தத்தில், பகல் நீளும்போது, புரோலாக்டின் ஏறும்போது. மயிர் வேகமாக நீள்வதோ பகல் குறையும்போது, புரோலாக்டின் இறங்கும்போது. ஆக புரோலாக்டின் மயிரை வளர்க்கிறதா, தடுக்கிறதா என்று ஒரே வரியில் கேட்டால் பதில் கிடைக்காது. அந்த மயிர்க்கால் அப்போது எந்தப் பருவத்தில் இருக்கிறது, அதற்கு முந்திய மாதங்களில் ஆடு எந்தப் பகலைக் கண்டது என்பதைப் பொறுத்து ஒரே ஹார்மோன் வேறு வேலை செய்கிறது. பல மாதம் ஒரே பகல் நீளத்தில் வைத்த செம்மறிகளில்கூட உள்ளிருந்தே ஒரு ஆண்டுச் சுழற்சி ஓடுவதைக் கண்டிருக்கிறார்கள். ஒளி அந்தச் சுழற்சியைத் தொடங்கிவைப்பதில்லை, நேரப்படுத்துகிறது.

தோலுக்குள் நடப்பது வேறொரு உரையாடல். மயிர்க்காலின் அடியில் டெர்மல் பாப்பிலா என்ற சிறு செல் திரள் இருக்கிறது. அதற்குச் சற்று மேலே ஸ்டெம் செல்கள் தங்கும் புடைப்பு. ஓய்வுப் பருவத்தில் பிஎம்பி4, பிஎம்பி6 போன்ற புரதங்கள் ஸ்டெம் செல்களை அமைதியாக வைத்திருக்கும். பாப்பிலா நாகின் என்ற பிஎம்பி தடுப்பியையும் எஃப்ஜிஎஃப்7, எஃப்ஜிஎஃப்10 ஆகிய வளர்ச்சிக் காரணிகளையும் வெளியிட ஆரம்பித்ததும் அந்தப் பிடி தளர்கிறது. விண்ட் புரதத்தின் செய்தி வலுப்பட்டு, பீட்டா-கேட்டினின் செல்லின் உட்கருவுக்குள் போய் எல்இஎஃப்1 போன்ற புரதங்களோடு சேர்ந்து பெருக்க மரபணுக்களை இயக்குகிறது. முதலில் பெருகுவது பாப்பிலாவை ஒட்டிய சிறு செல் கூட்டம்தான். புடைப்பிலுள்ள ஸ்டெம் செல்கள் பிறகுதான் எழும். சோனிக் ஹெட்ஜ்ஹாக் என்ற புரதம் மயிர்க்கால் தோலின் ஆழத்துக்கு இறங்க உதவுகிறது. ஐஜிஎஃப்1 வளர் பருவத்தை நீட்டிப் பிடிக்கிறது. அதன்மேல் மயிரின் முக்கியப் புரதமான கெரட்டின்களும் அவற்றோடு சேரும் புரதங்களும் கட்டப்பட்டு மயிர் உருவாகிறது. இந்த வரிசையில் பெரும்பகுதி எலியில் நிறுவப்பட்டது. வெள்ளாட்டில் அதே மரபணுக்கள் அதே பருவங்களில் ஏறி இறங்குவது தெரிகிறது, முரணாக எதுவும் பெரிதாக வரவில்லை. ஆனால் எலியின் சுற்று சில வாரம். ஆட்டின் சுற்று ஓர் ஆண்டு. ஓய்வை மூன்று மாதம் இழுத்துப் பிடிப்பது எது என்ற கேள்விக்கு எலி பதில் சொல்லாது.

எந்த மரபணு என்று ஒரே பெயர் கேட்டால் நான் சொல்வது எஃப்ஜிஎஃப்5. ஆனால் அது வளரவைக்கும் மரபணு அல்ல, நிறுத்தும் மரபணு. வளர் பருவத்தின் கடைசியில் மயிர்க்காலின் வெளி உறையில் இது கூடுகிறது. அதன்பின் மயிர்க்காலின் கீழ்ப்பகுதி செல்கள் தாமே அழிந்து சுருங்கும் பருவம் தொடங்குகிறது. இந்த மரபணு செயலிழந்தால் மயிர் அதிக நாள் வளரும். அங்கோரா எனப்படும் நீண்ட மயிர் எலியில் 1994இல் இது நிரூபணமானது. நாய்களின் நீண்ட மயிருக்கும் இதே மரபணுவின் மாற்றம் காரணம். வெள்ளாட்டில் சீனாவின் ஷான்பெய் வெள்ளைப் பஷ்மினா வகையில், 2015, 2016 வாக்கில், மரபணுவை வெட்டும் கிரிஸ்பர் முறையில் ஒற்றைச் செல் கருவிலேயே எஃப்ஜிஎஃப்5ஐ வெட்டி ஆடுகளை உருவாக்கினார்கள். அந்த ஆடுகளுக்கு உள்மயிர் நீளமாகவும் துணை மயிர்க்கால் அதிகமாகவும் இருந்தது. உயிருள்ள பஷ்மினா ஆட்டில் மரபணுவை மாற்றி விளைவைக் காட்டிய சோதனை என்பதால் இதற்கு நான் அதிக எடை கொடுக்கிறேன். மற்றபடி கட்டுரைகளில் நீங்கள் பார்க்கும் நூற்றுக்கணக்கான மரபணுக்கள், மைக்ரோ ஆர்என்ஏக்கள் பெரும்பாலும் பருவத்துக்குப் பருவம் அளவு மாறியவை, அவ்வளவுதான். விசைப்படகு கரை சேரும்போது ஜெட்டியில் நிற்கிறவர்கள் எல்லாருடைய பெயரையும் எழுதிக்கொண்டு, இவர்கள்தான் படகை ஓட்டிவந்தார்கள் என்று சொல்ல முடியாதில்லையா. வளர் பருவத்தில் கெரட்டின் மரபணு ஏறுவது விளைவு, காரணம் அல்ல.

நீங்கள் படிப்புக்காக இதில் இறங்கப்போகிறீர்கள் என்றால் மாதிரி எடுப்பதிலேயே பாதி முடிவு கெட்டுப்போகும் என்பதை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். எப்போதும் ஒரே இடம், தோள்பட்டைக்குப் பின்னால் விலாவின் நடுப்பகுதி. மயிரை ஒட்ட வெட்டிச் சுத்தம் செய்து, லிக்னோகெயின் போட்டு மரத்துப்போக வைத்து, 8 மில்லிமீட்டர் வட்டக் கத்தியால் எடுப்பது வழக்கம். தோல் துண்டை அப்படியே ஃபார்மலினில் போட்டால் சுருண்டுவிடும், பிறகு எந்தக் கோணத்தில் சீவினாலும் மயிர்க்கால் சாய்வாகத்தான் வரும். ஒரு அட்டையில் விரித்துக் குத்தி, 10 சதவீத பஃபர் ஃபார்மலினில் தோல் துண்டின் கன அளவைப்போல் பத்து மடங்கு திரவத்தில் 24 முதல் 48 மணி நேரம் வையுங்கள். துணை மயிர்க்காலை எண்ணக் குறுக்குச் சீவல் வேண்டும், அதுவும் எண்ணெய்ச் சுரப்பி தெரியும் ஆழத்தில். அதற்குக் கீழே சீவினால் ஓய்வில் மேலே சுருங்கிப்போன துணை மயிர்க்கால்கள் கண்ணில் படாது. மாசி மாதத்தில் மயிர்க்கால் குறைந்துவிட்டது என்று தவறாக எழுதிவிடுவீர்கள். சாக்பிக் சாயம் கிடைத்தால் அதுவே நல்லது. வளரும் மயிர்க்காலின் உள் உறை பளிச்சென்று சிவப்பாகத் தெரியும், ஓய்விலுள்ளதில் அந்த வளையம் இருக்காது.

எந்த மரபணு எவ்வளவு இயங்குகிறது என்று காட்டும் ஆர்என்ஏவை எடுப்பதில் வேறு தொல்லை. முழுத் தோலை அரைத்தால் இரண்டு வகை மயிர்க்காலும், மேல்தோலும், கொழுப்பும் கலந்துவரும். வளர் பருவத்தில் மயிர்க்கால் பெருத்திருப்பதாலேயே பல மரபணுக்கள் கூடியதுபோலத் தோன்றும், ஒவ்வொரு செல்லிலும் கூடியிருக்க வேண்டிய அவசியம் இல்லை. தோல் நார் மிகுந்தது. திரவ நைட்ரஜனில் உறையவைத்துப் பொடியாக இடிக்காவிட்டால் ஆர்என்ஏ தேறாது. அந்த அளவைக் கணக்கிடும் பிசிஆர் சோதனையில் ஒப்பீட்டுக்கு ஜிஏபிடிஹெச் மரபணு ஒன்றை மட்டும் நம்பக் கூடாது, பருவத்தோடு அதுவும் அசையும். இரண்டு மூன்று ஒப்பீட்டு மரபணுக்களை வைத்து, எது நிலையாக இருக்கிறது என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மெலடோனினை அளக்க நினைத்தால் இரவில் இரத்தம் எடுக்க வேண்டும், மங்கிய சிவப்பு விளக்கில். செல்போன் வெளிச்சத்தை ஆட்டின் முகத்தில் அடித்தால் நீங்கள் அளக்க வந்தது சில நிமிடங்களில் இறங்கத் தொடங்கிவிடும்.

இப்போது நம் ஊர்க் கேள்வி. இராமநாதபுரம் கடற்கரை 9 பாகை வட அட்சத்தில் இருக்கிறது. இங்கே ஆண்டின் நீண்ட பகல் சுமார் 12 மணி 40 நிமிடம், குறுகிய பகல் சுமார் 11 மணி 35 நிமிடம். வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மணி நேரம். லடாக்கின் லே நகரில் இதே வித்தியாசம் நாலரை மணி நேரம், உள்மங்கோலியாவில் ஐந்தரை மணி நேரத்துக்கும் மேல். பஷ்மினா ஆட்டை இங்கே கொண்டுவந்தால் அதன் மரபணு மாறாது. ஆனால் அதற்குப் பழக்கமான வலுவான ஒளிச் செய்தி கிடைக்காது. நம் ஆடுகள் ஆண்டு முழுவதும் சினைப்படுவதும் இந்தச் சீரான பகலோடு சேர்ந்த விஷயம். மயிர் வளருமா என்பதைவிட ஆடு நிற்குமா என்பதே எனக்குப் பெரிய கவலை. இரட்டை மயிர்ப் போர்வையோடு நம் கடலோர ஈரப்பதத்தில் நிற்கும் ஆடு மூச்சு வாங்கியே உடல் சூட்டைத் தணிக்க வேண்டும். தீனி குறையும், சினை தங்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வயிற்றுப்புழு இந்தக் காலநிலை பழகாத ஆட்டைத்தான் முதலில் சாய்க்கும். கொடி ஆடு, கறுப்புத் திட்டுள்ள கரும்போறையோ சிவப்புத் திட்டுள்ள செம்போறையோ, நீண்ட காலும் ஒல்லி உடலும் ஒட்டிய குறுமயிருமாக இருப்பது இந்த வெயிலுக்குத் தக்க உடலமைப்பு. உடை மர நெற்றையும் சீமைக்கருவேல் நெற்றையும் தின்று கறியாக்கும் அந்த ஆட்டைக் கலப்பினமாக்கி மயிர் தேடுவது உங்கள் வீட்டுக்கு நட்டம்.

சீனாவில் ஒளிக் கட்டுப்பாட்டு முறை ஒன்று நடைமுறையில் உண்டு. மே முதல் அக்டோபர் வரை தினமும் ஏழு மணி நேரம் மட்டும் மேய்ச்சலுக்கு விட்டு, மிச்ச 17 மணி நேரம் இருட்டுக் கொட்டகையில் அடைப்பார்கள். நீண்ட இரவு என்று ஆடு எடுத்துக்கொண்டு உள்மயிரைக் கோடையிலேயே வளர்க்கும். உலர்ந்த, இரவில் குளிரும் நாட்டில் இது நடக்கிறது. இங்கே வைகாசி, ஆனியில் வெளிச்சம் புகாதபடி அடைத்த கொட்டகைக்குள் 17 மணி நேரம் ஆடு கிடந்தால் வெக்கையிலும் மூத்திர நெடியிலும் செத்துவிடும். காற்றுக்கு இடைவெளி விட்டால் வெளிச்சமும் வரும், வேலை நடக்காது. தயவுசெய்து முயல வேண்டாம்.

மெலடோனின் கொடுப்பதைப் பற்றி. ஆய்வுகளில் பயன்படுத்தியது மெதுவாகக் கசியும் குச்சி மருந்து. காதின் அடியில் தோலுக்குக் கீழே வைப்பார்கள். கிலோ உடல் எடைக்கு 2 மில்லிகிராம், இரண்டு மாத இடைவெளியில் இரண்டு தடவை என்பது உள்மங்கோலிய ஆடுகளில் அடிக்கடி காணும் அளவு. மாத்திரை என்றால் தினமும் கொடுக்க வேண்டும். வாய்வழி கொடுத்த மெலடோனின் சில மணி நேரத்தில் இரத்தத்திலிருந்து இறங்கிவிடும். பால் கொடுக்கும் தாயாட்டுக்கு வைத்தால் புரோலாக்டின் இறங்கிப் பால் குறையலாம். எல்லாவற்றுக்கும் மேல், இது இருக்கும் துணை மயிர்க்காலை முன்கூட்டி எழுப்பும் மருந்து. கொடி ஆட்டின் தோலில் துணை மயிர்க்கால் இருக்கிறது, ஆனால் அவற்றின் எண்ணிக்கையும் மயிரின் நீளமும் சீப்பில் வாரி நூற்கும் அளவுக்கு இல்லை. அந்த எண்ணிக்கை பெரும்பாலும் கருவிலேயே முடிந்துவிட்டது என்று மேலே சொன்னேன். வளர்ந்த ஆட்டில் இந்தக் குச்சி மருந்து அதை நூற்கும் அளவுக்குக் கூட்டாது.

கம்பளி தரும் விலங்கைத் தமிழ்நாட்டிலேயே பார்க்க ஆசை என்றால் மலைக்குப் போங்கள். கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய செம்மறி மற்றும் கம்பளி ஆராய்ச்சி நிலையத்தின் தென்மண்டல மையம் பாரத் மெரினோ செம்மறி வளர்க்கிறது. நீலகிரி சாண்டிநல்லாவில் நீலகிரிச் செம்மறி இருக்கிறது. பஷ்மினா அல்ல, ஆனால் மயிர்க்கால் படிக்க நல்ல இடம். உங்கள் ஊரிலேயே செய்யத்தக்க, இதுவரை போதிய கவனம் பெறாத வேலை ஒன்றும் இருக்கிறது: கொடி ஆட்டின் துணை மயிர்க்கால் ஒரு மணி நேரப் பகல் வித்தியாசத்தையாவது கணக்கில் எடுக்கிறதா என்று பார்ப்பது. உயிருள்ள ஆட்டில் தோல் எடுக்க உங்கள் கல்லூரியின் விலங்கு நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும், கால்நடை மருத்துவர் கூட இருக்க வேண்டும். அதற்கு முன் கறிக்கடையில் தொடங்கலாம். மாதம் ஒருமுறை, ஒரே கடை, தோல் உரித்த உடனே, மேலே சொன்ன அதே விலாப் பகுதியிலிருந்து ஒரு துண்டு. நுண்ணோக்கிக்கு என்றால் கடையிலேயே அட்டையில் குத்தி ஃபார்மலினில் போடுங்கள். ஆர்என்ஏவுக்கு என்றால் உரித்த கால் மணி நேரத்துக்குள் பாதுகாப்புத் திரவத்தில் போயாக வேண்டும், துண்டின் தடிப்பு அரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. கிடாயா பெட்டையா, பல் போடாததா, இரண்டு பல்லா, நாலு பல்லா, எந்த ஊர்க் கிடையிலிருந்து வந்தது என்பதை அன்றே துண்டோடு சேர்த்து எழுதிவையுங்கள். குட்டியின் தோலில் துணை மயிர்க்கால் இன்னும் முதிர்ந்துகொண்டிருக்கும். அதை வளர்ந்த ஆட்டோடு கலந்து எண்ணினால் பன்னிரண்டு மாத உழைப்பில் பருவ வித்தியாசம் எது, வயது வித்தியாசம் எது என்று யாராலும் பிரிக்க முடியாது.